தூண்டில் இரைக்குக் குரோம் பளபளப்பு: முலாம் பூசாமல் வீட்டிலேயே செய்யும் முறை

கொடுவா, வஞ்சிரம், பாறை, சீலா ஆகிய மீன்கள் கிடக்கிற இரையைவிட ஓடுகிற இரையையே அதிகம் விரும்பும். சிறு மீன் ஒன்று மின்னிக்கொண்டு தப்பி ஓடுவதைக் கண்டால் துரத்திக் கடிக்கும். இந்தக் குணத்தை நம்பித்தான் லூர் எனப்படும் செயற்கை இரை வேலை செய்கிறது. காசிமேடு, ராயபுரம், திருவொற்றியூர், எண்ணூர்க் கரையில் கல்லின் மேல் நின்று வீசுகிறவர்களும், ஃபைபர் படகின் பின்னால் கயிறு விட்டு இழுத்து வருகிறவர்களும் இதைப் பயன்படுத்துகிறார்கள்.

வடசென்னைக் கரையில் லூர் வைத்துப் பிடிப்பதில் ஒரு சிக்கல் உண்டு. சென்னைத் துறைமுகம் கட்டப்பட்ட பிறகு தெற்கே மெரினாவில் மணல் சேர்ந்தது, வடக்கே ராயபுரம் தொடங்கிக் கரை அரித்தது. அரிப்பைத் தடுக்கக் கொட்டிய பாறைகளும் தூண்டில் வளைவுகளும்தான் இன்று இந்தக் கரை முழுவதும் இருக்கின்றன. பெயரே தூண்டில் வளைவு! கொடுவாவும் செப்பிலியும் அந்தக் கல் இடுக்கில்தான் பதுங்கும். உங்கள் லூரும் அங்கேதான் சிக்கும். விலை கொடுத்து வாங்கிய வெளிநாட்டு லூர் இரண்டு கல்லோடு போனால், அன்று பிடித்த மீனின் விலை அதற்கே சரியாகிவிடும். அதனால் பலர் மரத்திலும் ஈயத்திலும் தாங்களே லூர் செய்கிறார்கள். உடம்பு நன்றாக வந்துவிடுகிறது, நீந்தவும் செய்கிறது. கடை லூரில் இருக்கும் அந்தக் கண்ணாடிப் பளபளப்பு மட்டும் வருவதில்லை.

இதற்காகச் சிலர் முலாம் பட்டறையைத் தேடுகிறார்கள். சிலர் முலாம் பூசும் இரசாயனத்தை வாங்கி வீட்டிலேயே முயலலாமா என்று கேட்கிறார்கள். இரண்டுமே தேவையில்லை. சமையலறை அலுமினியத் தாளும் இரண்டு டியூப் எபாக்சிப் பசையும் போதும். எப்படிச் செய்வது என்று பார்ப்பதற்கு முன், மீன் கண்ணுக்கு எது மின்னலாகத் தெரிகிறது என்பதைப் புரிந்துகொள்ளுங்கள். அது புரிந்தால் பாதி வேலை குறையும்.

மீன் ஏன் மின்னுகிறது?

காசிமேட்டில் விடியற்காலை இறங்கும் வாளை மீனைப் பாருங்கள். செதிலே இல்லாத மீன், ஆனால் குரோம் பூசிய சைக்கிள் ஹேண்டில்பார் போல இருக்கும். கையால் தடவினால் அந்த வெள்ளி விரலில் ஒட்டிக்கொள்ளும். அதில் உலோகம் எதுவும் இல்லை. குவானின் என்ற பொருளின் மெல்லிய படிகங்கள் அடுக்கடுக்காகப் படுத்திருந்து வெளிச்சத்தைத் திருப்பி அனுப்புகின்றன. கவலை, நெத்திலி, காரப்பொடி எல்லாவற்றிலும் இதே கதைதான். செயற்கை முத்துக்கு ஒரு காலத்தில் பளபளப்புக் கொடுத்ததும் மீன் செதிலிலிருந்து எடுத்த இந்தப் பொருள்தான்.

ஆகவே பளபளப்புக்கு வேண்டியது வெளிச்சத்தைத் திருப்பும் வழுவழுப்பான பரப்பு. அது குரோமா, அலுமினியமா, எவர்சில்வரா என்று மீன் பார்ப்பதில்லை. 1852இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முதல் கரண்டி லூர் வெறும் உலோகக் கரண்டியின் வடிவம்தான். 1936இல் பின்லாந்து மீனவர் லௌரி ராபலா, தக்கையைச் செதுக்கி, சாக்லேட் சுற்றி வந்த ஈயத்தாளை அதன் மேல் ஒட்டி, போட்டோ நெகட்டிவை உருக்கி வார்னிஷாகப் பூசித் தன் முதல் லூரைச் செய்தார். இன்று உலகம் முழுவதும் விற்கும் ராபலா லூர்கள் அந்தத் தக்கையில் தொடங்கியவை. நீங்கள் கீழே செய்யப்போவதும் அதே முறைதான். பசை மட்டும் மேம்பட்டிருக்கிறது.

இன்னொன்றும் கவனியுங்கள். பல இரை மீன்களின் முழு உடம்பும் ஒரே கண்ணாடியாக இருப்பதில்லை. கவலை மீனின் முதுகு கரும்பச்சை, விலா வெள்ளி, வயிறு வெள்ளை. மேலிருந்து பார்த்தால் கடலின் இருட்டோடும், கீழிருந்து பார்த்தால் வானத்தின் வெளிச்சத்தோடும் அது கலந்துவிடும். திரும்பும்போது மட்டும் விலா பளிச்சென்று ஒரு கணம் மின்னும். துரத்தும் மீனை இழுப்பது அந்த ஒரு கணம்தான். எனவே லூரின் இரண்டு விலாவும் பளபளத்தால் போதும். முதுகிலும் வயிற்றிலும் உள்ள ஒட்டுகளைப் பெயின்ட் மறைத்துவிடும் என்பதால் வேலையும் சுலபமாகிறது.

குரோம் முலாம் ஏன் வேண்டாம்?

குரோம் முலாம் என்று நாம் சொல்வது உண்மையில் மூன்று அடுக்கு. அடியில் செம்பு, அதன் மேல் நிக்கல், கடைசியாகக் குரோமியம். கண்ணாடி போன்ற பளபளப்பைத் தருவது பெரும்பாலும் நிக்கல். மேலே உள்ள குரோமியம் அரை மைக்ரானுக்கும் குறைந்த மெல்லிய படலம். ஒரு மைக்ரான் என்பது மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. அந்தப் படலத்தில் கண்ணுக்குத் தெரியாத விரிசல்கள் இருக்கும். உப்புநீர் அதன் வழியே இறங்கி அடியில் உள்ள உலோகத்தைத் தின்னும். கடலோரத்தில் நிற்கும் பைக்கின் சைலன்சர் ஒரே மழைக்காலத்தில் புள்ளி புள்ளியாக ஆவதைப் பார்த்திருப்பீர்கள். தினமும் கடலில் முங்கும் லூருக்கு அது இன்னும் சீக்கிரம் நடக்கும்.

மரத்துக்கு நேராக முலாம் ஏறாது. மின்சாரம் கடத்தும் பூச்சு ஒன்றை முதலில் கொடுக்க வேண்டும். ஈயத்துக்கும் செம்பு அடித்தளம் ஒழுங்காகப் பிடிக்காவிட்டால் மேலடுக்கு உரிந்து வரும். கடையில் விற்கும் பிளாஸ்டிக் லூர்களில் பெரும்பாலானவை குரோம் முலாம் பூசியவை அல்ல. காற்று நீக்கிய அறையில் அலுமினியத்தை ஆவியாக்கிப் படியவைப்பார்கள். கார் ஹெட்லைட்டின் உள்பக்கம் இருப்பது போன்ற பூச்சு அது. ஆக, குரோம் என்று பெயர் வாங்கியதே உண்மையில் அலுமினியம்.

இனி முக்கியமான விஷயம். பளபளப்புக்காகப் பூசும் குரோமிய முலாமில் நெடுங்காலமாகப் பயன்பட்டு வருவது குரோமிக் அமிலம். அதில் இருப்பது ஆறு இணைதிறன் கொண்ட குரோமியம். முலாம் தொட்டியில் மின்சாரம் பாயும்போது நுண்ணிய சாரலாக அது காற்றில் எழும். மூச்சில் போனால் மூக்கின் நடுத்தண்டில் ஓட்டை விழும், தோலில் பட்டால் ஆறாத புண் வரும். நுரையீரல் புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை உறுதியாக வகைப்படுத்திய பொருள் இது. உறிஞ்சும் விசிறியும் கழிவுநீர்ச் சுத்திகரிப்பும் உள்ள பட்டறையில் செய்ய வேண்டிய வேலை. மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் இசைவு இல்லாமல் இந்தத் தொழிலை நடத்தக் கூடாது. சமையலறையிலோ மொட்டை மாடியிலோ வைத்து நீங்கள் செய்ய வேண்டிய வேலை அல்ல. இணையத்தில் பார்த்துச் செய்யலாம் என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள்.

வீட்டில் செய்து முடித்த பிறகு அந்தத் தண்ணீரை எங்கே ஊற்றுவீர்கள்? சாக்கடையில். சாக்கடை எங்கே போகும்? பக்கிங்காம் கால்வாய்க்கும் எண்ணூர்க் கழிமுகத்துக்கும். அங்கே இடுப்பளவுத் தண்ணீரில் இறங்கிக் கையால் தடவி இறால் பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். 2017 ஜனவரியில் கப்பல்கள் மோதிக் கொட்டிய எண்ணெய், 2023 டிசம்பர் வெள்ளத்தோடு கழிமுகத்துக்குள் வந்த எண்ணெய் என்று அந்தத் தண்ணீர் பட்டது போதும். குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்கு ராணிப்பேட்டையைப் பாருங்கள். அங்கே குரோமிய உப்புகள் தயாரித்த தொழிற்சாலை 1990களில் மூடப்பட்டது. அது விட்டுச்சென்ற ஒரு லட்சம் டன்னுக்கு மேற்பட்ட கழிவு பல ஆண்டுகள் அங்கேயே கிடந்து நிலத்தடி நீரை மஞ்சளாக்கியது. நீங்கள் ஊற்றப்போவது ஒரு குடம்தான். ஆனால் அதே பொருள்தான்.

வெள்ளி நைட்ரேட் கரைசலைத் தெளித்துக் கண்ணாடிப் பூச்சு எடுக்கும் முறையும் உண்டு. அம்மோனியா கலந்த அந்தக் கரைசலைப் பயன்படுத்தாமல் வைத்திருந்தால் வெடிக்கக்கூடிய படிவு உண்டாகும். அதையும் விட்டுவிடுங்கள்.

அலுமினியத் தாள் ஒட்டும் முறை

நம் பக்கம் ஈயத்தாள் என்று சொன்னாலும் இப்போது கிடைப்பது அலுமினியம்தான். இரண்டு வகை பயன்படும். ஒன்று, சப்பாத்தி மடிக்கும் சமையலறைத் தாள். மெல்லியது, வளைவுகளில் நன்றாகப் படியும், ஆனால் தனியாகப் பசை வேண்டும். அதில் ஒரு பக்கம் மங்கலாகவும் ஒரு பக்கம் பளபளப்பாகவும் இருக்கும். பளபளப்பான பக்கம் வெளியே வர வேண்டும். இன்னொன்று, ஏ.சி. மெக்கானிக்குகள் குழாய் இணைப்பில் ஒட்டும் அலுமினிய டேப். பின்னால் பசையோடு வரும், சற்றுக் கனமானது, செதில் அச்சு நன்றாகப் பிடிக்கும். புதிதாகத் தொடங்குகிறவர்களுக்கு நான் டேப்பையே சொல்வேன்.

முதலில் உடம்பு. கல்யாண முருங்கை போன்ற இலேசான மரம் செதுக்கச் சுலபம், நன்றாக மிதக்கும். கொடுவாவுக்கு 9 முதல் 12 செ.மீ. நீளம் சரியாக இருக்கும். துருப்பிடிக்காத கம்பியை மூக்கிலிருந்து வால் வரை உடம்புக்குள் செலுத்தி, அதிலேயே தூண்டில் மாட்டும் வளையங்களை வளையுங்கள். திருகாணிக் கொக்கியை மரத்தில் முறுக்கி விட்டால் பெரிய மீன் பிடுங்கிக்கொண்டு போய்விடும். வயிற்றில் துளையிட்டு ஈயக்குண்டு வைத்து எபாக்சியால் அடையுங்கள். தண்ணீரில் முன்னே நிற்கும் உதட்டுத் தகடுக்குப் பழைய சி.டி. நல்ல பொருள். 1.2 மி.மீ. கனமுள்ள பாலிகார்பனேட், கத்தரித்து அரத்தால் தேய்த்தால் போதும். தகட்டுக்கு இப்போது பள்ளம் மட்டும் வெட்டி வையுங்கள். தகட்டைக் கடைசியில் ஒட்டலாம்.

பளபளப்பின் தரம் இங்கேதான் முடிவாகிறது. அலுமினியத் தாள் அடியில் உள்ள ஒவ்வொரு மேடு பள்ளத்தையும் காட்டிக்கொடுக்கும். மரத்தை 120 எண், பிறகு 240, பிறகு 400 எண் உப்புத்தாளால் தேயுங்கள். மெல்லிய எபாக்சி அல்லது மர சீலர் ஒரு பூச்சுக் கொடுத்துக் காய்ந்ததும் மறுபடி 400ஆல் தேயுங்கள். விரல் நகத்தை மெல்ல ஓட்டிப் பாருங்கள். எங்கும் இடறக் கூடாது. சீலர் கொடுக்காமல் ஒட்டினால் மரம் ஈரம் குடித்து ஊதி, தாள் கிழிந்துவிடும்.

அடுத்தது செதில் அச்சு. டேப்பின் பசைத்தாளை உரிக்காமல், பளபளப்பான பக்கம் மேலே இருக்குமாறு ஒரு தட்டை அரத்தின் மேல் வைத்து, ரப்பர் துண்டால் ஒரே அழுத்தத்தில் தேயுங்கள். அரத்தின் குறுக்குக் கோடுகள் செதிலாகப் பதியும். நைலான் கொசுவலையோ நுண்ணிய கம்பிவலையோ வைத்தாலும் வரும். ஒன்றுமே பதியாத வெறும் கண்ணாடிப் பரப்பு ஒரு திசையில் மட்டும் பெரிதாக மின்னும். செதில் அச்சு இருந்தால் லூர் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் பல சிறு மின்னல்கள் வரும். கடையில் வெறும் குரோம்தான் கண்ணைப் பறிக்கும், தண்ணீரில் செதில் வைத்ததே மேல் என்பது என் கருத்து.

விலாவின் வடிவத்தைக் காகிதத்தில் வெட்டி அளவு பார்த்து, அதே அளவில் டேப்பை இரண்டு துண்டு வெட்டுங்கள். முதுகிலும் வயிற்றிலும் சுமார் 3 மி.மீ. ஒன்றின் மேல் ஒன்று ஏறும்படி இருக்கட்டும். நடுவிலிருந்து ஒட்டத் தொடங்கி ஓரத்துக்கு வாருங்கள். கரண்டியின் பின்பக்கத்தாலோ ஐஸ் குச்சியாலோ மெல்ல நீவிவிடுங்கள். அழுத்தித் தேய்த்தால் செதில் அச்சு அழிந்துவிடும். தலையிலும் வாலிலும் சுருக்கம் விழும். அங்கே ஓரத்தில் சின்னச் சின்ன வெட்டுகள் போட்டு மடக்குங்கள். சமையலறைத் தாளாக இருந்தால் மரத்தில் மெல்லிய எபாக்சி தடவி, அது பிசுபிசுக்கும் நிலையில் ஒட்டுங்கள். ஃபெவிக்விக் வேண்டாம். காயும்போது வெள்ளைப் புகை போலப் படிந்து பளபளப்பைக் கெடுக்கும்.

பிறகு பெயின்ட். முதுகில் கரும்பச்சை அல்லது கருநீலம், வயிற்றில் வெள்ளை. ஒட்டுகள் மறைந்துவிடும். அலுமினியத்தில் பெயின்ட் லேசில் பிடிக்காது. பெயின்ட் படும் இடத்தை மட்டும் 400 உப்புத்தாளால் மெல்லக் கீறிவிட்டு, தின்னரால் துடைத்து அடியுங்கள். விலாவில் கைரேகை விழாமல் பார்த்துக்கொள்ளுங்கள். எபாக்சி போட்ட பிறகு அந்த எண்ணெய்க் கறை உள்ளேயே தெரியும். கண் பெரிதாக, கறுப்பு மணியோடு இருக்கட்டும். செவுள் இருக்கும் இடத்தில் சிவப்பு ஒரு சொட்டு வைக்கலாம். கண் விஷயத்தில் கஞ்சத்தனம் வேண்டாம், பல மீன்கள் தலையைக் குறிவைத்தே கடிக்கும்.

கடைசி எபாக்சிப் பூச்சு

பளபளப்பை உப்புநீரிலிருந்து காப்பது இந்தப் பூச்சுதான். ஐந்து நிமிடத்தில் இறுகும் எபாக்சி வசதியாகத் தெரியும், ஆனால் சீக்கிரம் மஞ்சளாகும், தண்ணீரிலும் பலம் குறைவு. மெதுவாக இறுகும் தெளிந்த எபாக்சியை வாங்குங்கள். ரெசினும் ஹார்டனரும் டியூபில் சொன்ன விகிதத்தில் துல்லியமாக இருக்க வேண்டும். ஹார்டனர் கூடினால் சீக்கிரம் காயும் என்று நினைத்து அதிகம் ஊற்றினால் எத்தனை நாள் ஆனாலும் பிசுபிசுப்பு போகாது. இரண்டு நிமிடம் மெதுவாகக் கலக்குங்கள். வேகமாகக் கலக்கினால் காற்றுக் குமிழி புகும். சென்னை வெயிலில் எபாக்சி சீக்கிரம் கெட்டியாகும் என்பதால் இரண்டு லூருக்கு வேண்டிய அளவு மட்டும் கலக்குங்கள். உதட்டுத் தகட்டை இந்தக் கலவையிலேயே பள்ளத்தில் பொருத்திவிடலாம்.

தூரிகையால் மெல்லிதாக ஒரு பூச்சு கொடுங்கள். பிறகு லூரைத் திருப்பிக்கொண்டே இருக்க வேண்டும். தொங்கவிட்டால் எபாக்சி வழிந்து வாலில் சொட்டாக நிற்கும், லூர் கோணலாக நீந்தும். தெர்மாகோல் பலகையில் கம்பியைக் குத்தி வைத்துச் சில நிமிடங்களுக்கு ஒருமுறை தலைகீழாகத் திருப்பலாம். நிறையச் செய்கிறவர்கள் மெதுவாகச் சுழலும் சின்ன கியர் மோட்டார் ஒன்றில் வரிசையாக மாட்டிவிடலாம். மறுநாள் இரண்டாவது பூச்சு. ஒரே கனமான பூச்சைவிட இரண்டு மெல்லிய பூச்சுகள் எப்போதும் தெளிவாக இருக்கும்.

ஐப்பசி, கார்த்திகை ஈரக்காற்றில் இந்த வேலையைத் தவிருங்கள். எபாக்சியின் மேல் பால் போல ஆடை படியும். விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை இருக்கும் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான 61 நாட்கள் இதற்குச் சரியான காலம். வெயில் நன்றாக இருக்கும், கையில் நேரமும் இருக்கும். கையுறை கட்டாயம் போடுங்கள். ஹார்டனர் தொடர்ந்து கையில் பட்டால் சிலருக்குத் தோல் ஒவ்வாமை வந்து பிறகு எபாக்சியைத் தொடவே முடியாமல் போகும்.

கம்பி வளையம் வெளியே வரும் துளைகளைச் சுற்றி எபாக்சி முழுதாக மூடியிருக்கிறதா என்று பாருங்கள். உப்புநீர் உள்ளே போய் அலுமினியத்தையும் எஃகுக் கம்பியையும் ஒன்றாகத் தொட்டால் அது ஒரு சின்ன பேட்டரி மாதிரி. அலுமினியம்தான் கரையும். விலாவில் சாம்பல் நிறப் புள்ளி தோன்றிப் பரவினால் அதுதான் காரணம். கடலுக்குக் கொண்டுபோகும் முன் ஒரு லிட்டர் தண்ணீரில் 35 கிராம் உப்புப் போட்டு, அதில் மூன்று நாள் ஊறவையுங்கள். கசிவு இருந்தால் வீட்டிலேயே தெரிந்துவிடும்.

ஈய ஜிக், எவர்சில்வர் கரண்டி

ஆழத்துக்கு இறக்கும் ஈய ஜிக்குக்கும் டேப் முறைதான். புதிதாக வார்த்த ஈயம் வெள்ளி போல இருக்கும், சில நாளில் மங்கிவிடும். எவ்வளவு தேய்த்தாலும் அது நிற்காது. வார்ப்புத் தழும்பை அரத்தால் நீக்கி, தின்னரால் துடைத்து, மெல்லிய எபாக்சி ஒரு பூச்சு கொடுங்கள். இந்தப் பூச்சு அலுமினியத்தை ஈயத்திலிருந்து பிரித்து வைக்கும். பிறகு டேப், அதன் மேல் இரண்டு எபாக்சிப் பூச்சு. ஜிக் தரையிலும் கல்லிலும் மோதும் என்பதால் மூன்றாவது பூச்சு கொடுத்தாலும் தகும்.

ஈயம் உருக்குவதில் கவனம் தேவை. அது 327 டிகிரி செல்சியஸில் உருகும். அச்சில் துளி ஈரம் இருந்தால் நீராவியாகி உருகிய ஈயத்தை முகத்தில் தெறிக்கவிடும். அச்சை முன்கூட்டியே சூடாக்கி உலர்த்துங்கள். பழைய பேட்டரித் தகடுகளை உடைத்து உருக்காதீர்கள். அமிலமும், ஈயத்தைவிட மோசமான உலோகங்களும் அதில் உண்டு. சமையல் பாத்திரம், சமையல் அடுப்பு, குழந்தைகள் இருக்கும் வீட்டு முற்றம் மூன்றும் கூடாது. அரத்தால் தேய்த்த ஈயத்தூளை விளக்குமாற்றால் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்து எடுங்கள்.

பூச்சே வேண்டாம் என்கிறவர்களுக்கு எவர்சில்வர் கரண்டி இருக்கிறது. கைப்பிடியை வெட்டிவிட்டு இரண்டு முனையிலும் துளை போட்டு, ஒன்றில் நரம்பையும் மற்றொன்றில் வளையத்தோடு தூண்டிலையும் மாட்டினால் லூர் தயார். அதன் வளைவே தண்ணீரில் அதைப் புரட்டி மின்னவைக்கும். துளையின் ஓரத்தை உருண்டையாகத் தேய்க்காவிட்டால் நரம்பை அறுத்துவிடும். பாத்திரப் பாலிஷ் பட்டறையில் பஃப் சக்கரத்தில் ஒருமுறை பிடித்து வாங்கினால் கண்ணாடிதான். கரண்டி வாங்கும்போது காந்தம் வைத்துப் பார்த்து, ஒட்டாவிட்டால் நல்ல எஃகு என்று முடிவு செய்ய வேண்டாம். விலை மலிந்த 202 ரகமும் காந்தத்தில் ஒட்டாது, ஆனால் உப்புநீரில் துருப்புள்ளி வைக்கும். 304 ரகம் தாங்கும். எது என்று தெரியாவிட்டால் மேலே சொன்ன உப்புநீரில் ஒரு வாரம் போட்டுப் பாருங்கள்.

குரோம் ஸ்பிரே அடிக்கலாமா?

அடிக்கலாம், ஆனால் எதிர்பார்ப்பைக் குறைத்துக்கொள்ளுங்கள். டப்பாவின் மூடியில் கண்ணாடி போல இருக்கும் நிறம் லூரில் அலுமினியப் பாத்திர நிறமாகத்தான் பெரும்பாலும் வரும். பளபளப்பான கறுப்புப் பெயின்ட் அடித்து நன்றாகக் காய்ந்த பிறகு, அதன் மேல் குரோமைப் பனி போல மெல்லிதாக அடித்தால் ஓரளவு கண்ணாடித்தன்மை கிடைக்கும். அதன் மேல் கிளியர் கோட் அடித்தவுடன் பாதி பளபளப்பு போய்விடும். பெயின்டில் உள்ள அலுமினியத் துகள்களைக் கிளியரின் தின்னர் கலைத்துவிடுவதுதான் காரணம். இரண்டு மூன்று நாள் காயவிட்டு, தின்னர் இல்லாத எபாக்சியை மெல்லத் தடவினால் இழப்பு குறையும். கழிவு மரத்துண்டில் சோதித்த பிறகே லூரில் கை வையுங்கள்.

எந்தத் தண்ணீருக்கு எந்தப் பளபளப்பு?

வெள்ளி தனக்கென்று வெளிச்சம் தருவதில்லை. சுற்றி இருக்கும் வெளிச்சத்தைத்தான் திருப்பி அனுப்புகிறது. கரையிலிருந்து விலகிய தெளிந்த நீரில், வெயில் உள்ள காலையில் வஞ்சிரத்துக்கும் சூரைக்கும் வெள்ளி விலா அருமையாக வேலை செய்யும். லட்சத்தீவின் மினிக்காய்த் தீவில் கம்பும் தூண்டிலும் வைத்துச் சூரை பிடிக்கிறவர்கள் முள்ளில்லாத பளபளக்கும் தூண்டிலையே பயன்படுத்துகிறார்கள். உயிருள்ள சிறு மீனை வீசிச் சூரையைக் கூட்டிய பிறகு, அந்தத் தூண்டிலையும் சிறு மீன் என்று எண்ணி அது கடிக்கும்.

எண்ணூர்க் கழிமுகத்தில் நிலைமை வேறு. மழைக்குப் பிறகு கொசஸ்தலை ஆறு கொண்டுவரும் கலங்கலில் வெளிச்சமே குறைவு. அங்கே வெள்ளி சாம்பலாகிவிடும். எபாக்சி போடுவதற்கு முன் விலாவில் மஞ்சள் கிளாஸ் பெயின்டை மெல்லிதாகத் தடவினால் அலுமினியம் பொன்னிறமாகும். கலங்கல் நீரில் பொன்னும் செம்பு நிறமும் மேல் என்பது பல தூண்டில்காரர்களின் அனுபவம். அதைவிட, அந்த நீரில் மீன் கண்ணைக் காட்டிலும் உடம்புப் பக்கக் கோட்டில் உணரும் அதிர்வை அதிகம் நம்பும். உதட்டுத் தகட்டைச் சற்று அகலமாக்கி லூரைப் பலமாக ஆடவிடுங்கள். பளபளப்பை மட்டும் நம்பி அங்கே நிற்க வேண்டாம். துறைமுக அலைதடுப்புச் சுவர்கள் பாதுகாப்பு எல்லைக்குள் வருபவை, அங்கே தூண்டில் போட ஏறாதீர்கள்.

கரைக்கு வந்ததும் லூரை நல்ல தண்ணீரில் அலசி, துடைத்து, நிழலில் காயவைத்துத் தனித்தனியாக வையுங்கள். ஒரே டப்பாவில் குவித்துப் போட்டால் ஒன்றின் தூண்டில் முள் மற்றதன் எபாக்சியைக் கீறும். கீறல் விழுந்த இடத்தை அன்றே உலர்த்தி ஒரு சொட்டு எபாக்சி வைத்துவிட்டால் தாள் பிழைக்கும். விட்டால் அடுத்த முறை சாம்பல் புள்ளி அங்கிருந்துதான் தொடங்கும். தூண்டில் தொழில் குறித்த பயிற்சி வேண்டுவோர் ராயபுரத்தில் உள்ள மத்திய மீன்வள கடல்சார் மற்றும் பொறியியல் பயிற்சி நிறுவனத்தின் சென்னைக் கிளையிலும், பொன்னேரி மீன்வளக் கல்லூரியிலும் விசாரிக்கலாம்.